அம்மன் பாதம் நனையும்வரை

“அப்ப அம்மனையும் சேத்துத்தான் உசத்துவிய?”

“சுவர் உசந்தா மறுகால் உசரும். மறுகால் உசந்தா அதுமேல நிக்கிற கல்லும் உசரத்தான செய்யும். அதைத் தூக்கி வைன்னு நானா சொன்னேன்? போன தடவை உங்க ஊர்க்காரங்கதான தூக்கி வச்சீங்க.”

“எவ்வளவு உசரத்துக்கு, சார்?”

வள்ளிமயில் கேட்டதற்கு அணையின் பொறுப்பதிகாரி ஞானதுரை வாயால் சொல்லவில்லை. கையைத் தலைக்கு மேலே நீட்டிக் காட்டினார். நெடிய மனிதர். நீட்டிய கை கூரையில் தொங்கிய மஞ்சள் விளக்கை இடித்தது. விளக்கு ஆடியது. நடையின் இரண்டு பக்கமும் வரிசையாக இருந்த கண்ணாடிகளுக்குள் படுத்திருந்தவர்களின் முகங்களில் நிழல் இப்படியும் அப்படியும் போய் வந்தது. ஒரு கணம் அத்தனை பேரும் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டுவதுபோல வள்ளிமயிலுக்குத் தோன்றியது. விளக்கு நின்றதும் அவர்களும் நின்றார்கள்.

மஞ்சனேரி அணையின் சுவருக்குள்ளே அந்த நடை ஓடுகிறது. அணை கட்டியவர்கள் கசிவு பார்ப்பதற்காக விட்ட வழி அது. இப்போது அதன் பெயர் துயிற்கூடம். அரசாங்கக் காகிதத்தில் ‘துயிற்பேழை’ என்று எழுதியிருப்பதை ஊரில் யாரும் சொல்வதில்லை. பேழை என்றால் பெட்டி, பெட்டி என்றால் நல்ல வார்த்தை இல்லை. அதனால் தொட்டில் என்றார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நீர்த்தேக்கம். அதன் அடித்தண்ணீரின் குளிரைக் குழாய் வழியாகத் தொட்டில்களைச் சுற்றி ஓடவிட்டு, கொஞ்சம் மருந்தும் கொடுத்து, வீட்டுக்கு ஒருவராக மஞ்சனேரியின் ஆட்களை உறங்க வைத்திருந்தார்கள். அவர்கள் குடிப்பதில்லை, குளிப்பதில்லை. மூப்பும் அவர்களை அண்டுவதில்லை.

வள்ளிமயிலின் வேலை கண்ணாடியில் படிகிற பனியைத் துடைப்பது. ஈயத்தை உருக்கி வேலை செய்கிற பட்டறையில் இதைவிட நல்ல கூலி கிடைத்தது. அதை விட்டுவிட்டு இங்கே வந்ததற்குக் காரணம், நடுவரிசையில் ஒரு தொட்டிலில் கிடந்த சங்கிலிபூதத்தான், அவள் கணவன். படுக்கப் போகும்போது அவளைவிட மூத்தவன். இப்போது அவளுக்குக் காதோரம் நரைத்துவிட்டது, அவன் மீசையில் ஒரு முடிகூட வெளுக்கவில்லை. கூட வேலை பார்க்கிற இசக்கித்தாய்க்கு இது பெரிய வேடிக்கை. “ஏளா, உன் வீட்டுக்காரரு முழிச்சதும் உன்னையப் பாத்து, அத்தை நல்லா இருக்கியளான்னு கேக்கப் போறாரு” என்பாள். வள்ளிமயிலும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே அவன் கண்ணாடியை இன்னொரு தடவை துடைப்பாள்.

“வேலை எப்ப தொடங்குது, சார்?”

“வார திங்கள்கிழமை கான்கிரீட் போடுதாங்க” என்றார் ஞானதுரை. “மொதல்ல மறுகால்லதான்.”

அதற்குமேல் கேட்க ஒன்றும் இல்லை. சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது. வள்ளிமயில் நடையின் கோடியில் இருந்த அறைக்குப் போய், வழக்கம்போல அங்கிருந்த சிமெண்டு மேடையில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தாள். எதற்காகக் கட்டினார்கள் என்று தெரியாத மேடை. நாலு மூலையிலும் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். வேலைக்காரர்கள் எல்லோரும் அதில்தான் சாப்பிடுவார்கள், குளுமையாக இருக்கும். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இத்தனைக்கும் மூலம் ஊர் செய்த ஒரு பிழை. வேறெந்த ஊரும் செய்திருக்காது.

வள்ளிமயிலின் மகள் பூரணி தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், அணையை உயர்த்தித் தண்ணீரைக் கூடுதலாகத் தேக்கினால்தான் இனி மஞ்சனேரியில் மனிதர் இருக்க முடியும் என்ற நிலை வந்தது. மழை பெய்தால் கொட்டித் தீர்க்கும். அணை சிறியது, நிறைந்து வழிந்து கடலுக்குப் போய்விடும். பிறகு மாதக்கணக்கில் ஒரு துளி இருக்காது. அரசாங்கம் பாதிச் செலவைத் தருவதாகவும், மீதியை ஊர் கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னது. ஊரில் என்ன இருந்தது? காய்ந்த நிலம் இருந்தது, அதை யாரும் வாங்கவில்லை. ஆனால் ஆளுக்கு இவ்வளவு என்று சட்டம் ஒதுக்கிய குடிதண்ணீர்ப் பங்கு இருந்தது. கடற்கரையில் மருந்து ஆலைகள் அதை வாங்கக் காத்திருந்தன. பங்கை விற்றுவிட்டு எதைக் குடிப்பது என்று கேட்டபோதுதான், வெளியூர் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து வந்தவர்கள் இந்த உறக்கத்தைப் பற்றிச் சொன்னார்கள். உறங்குகிறவனுக்குத் தண்ணீர் வேண்டாம், அவன் பங்கை விற்கலாம், விற்ற பணத்தில் சுவர் எழும்பும்.

எப்போது எழுப்புவீர்கள் என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டார்கள். வந்திருந்த அதிகாரி ஒரு தேதி சொன்னார். கூட்டம் சிரித்தது. ஆஸ்பத்திரிக்குத் தேதி சொன்னது, பாலத்துக்குத் தேதி சொன்னது, பஸ்ஸுக்குத் தேதி சொன்னது எல்லாம் அவர்களுக்கு ஞாபகம் இருந்தது. அப்போது எழுந்து நின்றவன் சங்கிலிபூதத்தான்.

“தேதி உங்க ஆபீசுல இருக்கும், நீங்க மாத்திக்கிடுவிய. மறுகால் எங்க கண்ணு முன்னால இருக்கு. அணை நெறஞ்சு மறுகால் பாஞ்சு, அம்மன் பாதம் என்னைக்கு நனையுதோ அன்னைக்கு எங்களை எழுப்பணும். அதுக்குச் சம்மதம்னா நானே மொத ஆளாப் படுக்கேன்.”

மறுகால் என்பது அணை நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறுகிற தாழ்ந்த சுவர். அதன் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நிற்கும். அதுதான் மறுகாலம்மன். தண்ணீர் வழியும்போது முதலில் அவள் பாதம்தான் நனையும். நனைந்தால் ஊர் கூடிக் கிடா வெட்டும். எந்த அதிகாரியாலும் அதை ஒத்திப்போட முடிந்ததில்லை. அதனால் அவன் சொன்னது எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அதிகாரியும் சந்தோஷமாகச் சம்மதித்தார். அம்மன் முன்னால் சூடம் கொளுத்தி, அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். மறுவாரம் சங்கிலிபூதத்தான் முதல் ஆளாகப் படுத்தான். கண்ணாடி மூடுவதற்கு முன் பூரணியை வாங்கி ஒரு முத்தம் கொடுத்தான். அது அவன் மீசையைப் பிடித்து இழுத்தது.

சுவர் எழுந்தது, மறுகாலும் எழுந்தது. அம்மனை அது நின்ற இடத்திலேயே விட்டுவிடலாம், நமக்கென்ன என்றார்கள் பொறியாளர்கள். அப்போதுதான் ஊர் கொதித்தது. அம்மன் தண்ணீருக்கு அடியில் கிடப்பாளா? சோறு தண்ணியில்லாமல் அணை மேல் உட்கார்ந்து போராட்டமே செய்தார்கள். கடைசியில் மேளத்தோடும் பொங்கலோடும் கல்லைப் பெயர்த்துப் புது மறுகாலின் மேல் நட்டார்கள். குலவை போட்டவர்களில் வள்ளிமயிலும் ஒருத்தி. இடுப்பில் பூரணி இருந்தாள். தன் கணவன் விழிக்கும் நாளைத் தன் வாயாலேயே மேலே தள்ளிவிடுகிறோம் என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை. ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு பழைய பீடம் எத்தனையோ தடவை தண்ணீரில் மூழ்கிவிட்டது. பழைய அணையாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் மறுகால் பாய்ந்திருக்கும். அம்மனோ மேலே, வெயிலில், காய்ந்த பாதத்தோடு நின்றாள்.

இந்த ஆடியில் தண்ணீர் நன்றாக ஏறியிருந்தது. பழைய பீடம் மூழ்கி, புது மறுகாலுக்கு ஓர் ஆள் உயரம்தான் பாக்கி. இன்னும் ஒரு மழை, இன்னும் ஒரே ஒரு மழை என்று ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மறுபடியும் உயர்த்தப் போகிறோம் என்று வந்து நின்றார்கள். இந்தத் தடவை புதிதாக யாரும் படுக்க வேண்டியதில்லை. படுத்திருப்பவர்கள் இன்னும் கொஞ்ச காலம் படுத்திருந்தால் போதும். அவர்களுடைய வரப்போகிற வருஷங்களின் தண்ணீரை ஆலைகள் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும். உறங்குகிறவர்களிடம் யார் போய்ச் சம்மதம் கேட்பது?

வீட்டுக்கு வந்து வள்ளிமயில் இதைச் சொன்னபோது பூரணி வாசலில் உட்கார்ந்து கைகளில் படிந்த கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். கைகழுவத் தண்ணீரைச் செலவழிக்கிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிற பெண். அப்பாவின் முகவெட்டு, அப்பாவின் வயதை இன்னும் சில வருஷத்தில் எட்டிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, பட்டறையில் நடந்ததையெல்லாம் அவனிடம் சொல்லிவிட்டு வருவாள். சின்ன வயதில் மற்றப் பிள்ளைகள் நிலாவைப் பார்த்துச் சோறு வாங்கியபோது, இவள் ‘அப்பா எப்பம்மா முழிப்பாவ’ என்று கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட்டாள்.

அம்மா சொன்னதை முழுக்கக் கேட்டாள். பிறகு, ரொம்பச் சாதாரணமாக, “எம்மா, ஏத்தி வச்சது நீங்கதான?” என்றாள்.

“ஆமா. அதுக்கென்ன இப்ப?”

“ஏத்தினதை எறக்க முடியாதா?”

வள்ளிமயில் அவளைப் பார்த்தாள்.

“சத்தியத்துல என்ன சொன்னாவ? அம்மன் பாதம் நனைஞ்சா எழுப்பணும்னுதான? அம்மன் எந்த எடத்துல நிக்கணும்னு யாராச்சும் சொன்னாவளா? பட்டறையில பாரம் தூக்குத செயின் பிளாக் கெடக்கு. முக்காலி போட்டு, கல்லைக் கட்டி, அலுங்காம எறக்கித் தாரேன்.”

“ஏட்டி, அது தப்பு.”

“அப்பா அங்கன கெடக்கது தப்பு இல்லையா?”

அன்று சாயங்காலமே ஊர் கூடியது. கூட்டத்தில் முதலில் எல்லோரும் காதைப் பொத்தாத குறைதான். ஏறிய சாமி இறங்கலாமா, ஊர் தாங்குமா என்று பெரியவர்கள் ஆளுக்கு ஆள் பேசினார்கள். பூசாரி மாசானம் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் மனைவியும் தொட்டிலில்தான் கிடந்தாள். மூன்று பிள்ளைகளையும் அவர் ஒற்றை ஆளாக, சடை பின்னக் கற்றுக்கொண்டு வளர்த்தவர். மூத்தவளுக்கு அவர் போட்ட முதல் சடையைப் பார்த்து ஊரே சிரித்திருக்கிறது. கடைசியில் அவர்தான் வழியைக் கண்டுபிடித்தார்.

“எறக்க வேண்டாம்” என்றார். “எறக்குதோம்னு ஏன் சொல்லணும்? ஆடி மாசம். ஆத்தாளுக்குக் குளிக்கணும்போல இருக்கு. குளிப்பாட்டக் கூட்டிட்டுப் போறோம். சாமி குளிக்கப் போறது வழக்கம்தான?”

எங்கோ ஒரு கிழவர், சோப்பு யாரு வாங்குதது என்று கேட்டார். வெகுநாளைக்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்து முடித்ததும் எல்லோரும் ஒரே சமயத்தில் அழுதார்கள்.

மறுநாள் காலையில், நல்ல வெயிலில், மேளத்தோடு போனார்கள். அணைக் காவலாளிக்கும் தம்பி ஒருவன் உள்ளே கிடந்தான். காவலாளி டீ குடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். பூரணி இரும்புக்குழாய் முக்காலியை நிறுத்தி, கல்லைச் சுற்றி முதலில் மஞ்சள் சேலையையும், சேலைக்கு மேல் நார்க்கயிற்றையும், கயிற்றுக்கு மேல் தூக்குப் பட்டையையும் கட்டினாள். சங்கிலி கரகரவென்று ஓடியது. அம்மன் தரையை விட்டு எழும்பிக் காற்றில் மெல்லச் சுழன்றாள். ஒரு சுற்றில் ஊரைப் பார்த்தாள், மறுசுற்றில் தண்ணீரைப் பார்த்தாள். இத்தனை காலமும் இவள் எந்தப் பக்கம் போக ஆசைப்பட்டாளோ என்று வள்ளிமயில் நினைத்துக்கொண்டாள்.

படிக்கட்டில் ஒவ்வொரு படியாகத் தோள்கொடுத்து இறக்கினார்கள். ஆடிக் காற்று மேற்கேயிருந்து அடித்துத் தண்ணீரைக் கரைக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. கடைசிப் படியில் கல்லை நிறுத்திய உடனே ஒரு அலை வந்தது. சின்ன அலை. கல்லின் அடியைத் தொட்டு, கொஞ்சம் நின்று, மஞ்சள் கரைந்த நிறத்தோடு திரும்பிப் போனது.

குலவை எங்கிருந்து தொடங்கியது என்று தெரியவில்லை. வள்ளிமயிலின் வாய் தானாகத் திறந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அன்றைக்குப் போட்ட அதே குலவையை, இந்தத் தடவை திருப்பிக் கேட்பதற்காகப் போட்டாள். கூட்டம் படிகளில் ஏறி, அணையின் மேல் ஓடி, துயிற்கூடத்தின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. சில பேர் கையில் மாற்றுத் துணி வைத்திருந்தார்கள். ஒருத்தி கணவனுக்குப் பிடிக்கும் என்று முறுக்குச் சுட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

ஞானதுரை வாசலில் நின்றார். மறிக்கவில்லை.

“பாத்தேன்” என்றார். “மேல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பாதம் நனைஞ்சுட்டு. இல்லைன்னு சொல்ல மாட்டேன்.”

“அப்ப எழுப்புங்க, சார்” என்றார் மாசானம்.

ஞானதுரை திரும்பி நடந்தார். எல்லோரும் பின்னால் போனார்கள். தொட்டில்களைத் தாண்டி, நடையின் கோடிவரைக்கும் போய், அந்தக் கடைசி அறையைத் திறந்து விளக்கைப் போட்டார். உள்ளே ஒன்றும் இல்லை. சிமெண்டு மேடை இருந்தது. அதன்மேல் யாரோ மறந்து வைத்த ஊறுகாய்ப் பாட்டில் இருந்தது.

“இது எதுக்குக் கட்டினதுன்னு யாராச்சும் கேட்டீங்களா?” அவர் குரல் இறங்கியிருந்தது. “எழுப்புற இயந்திரத்தை நிறுத்துறதுக்கு. குளிர வைக்கிறது லேசு, அணைத் தண்ணியே பாத்துக்கிடும். திரும்பச் சூடேத்துறதுதான் கஷ்டம். நெருப்பையோ வெந்நியையோ காட்டினா ரத்தம் கெட்டுரும். மனுச ரத்தம் எப்படி மெள்ளச் சூடாகுமோ அதே மாதிரி, உள்ள இருந்து ஏறணும். அதைச் செய்யுற இயந்திரம் இந்த மேடையில நிக்கணும். திட்டத்துல அதுக்குப் பணம் இருந்தது.”

“அந்தப் பணம் எங்கன?”

“சுவர்ல இருக்கு. பாதிக் கட்டும்போது விலைவாசி ஏறிட்டு. சுவரா, இயந்திரமான்னு மேல கேட்டாங்க. மறுகால் பாஞ்சாத்தான எழுப்பணும், அது பாய நாளாகும், இப்பச் சுவரைக் கட்டு, இயந்திரத்தைப் பொறவு பாத்துக்கிடுவோம்னு முடிவாச்சு. இப்ப உசத்துறதுக்கு வரப்போற பணத்துல இயந்திரமும் இருக்கு. அதை நான்தான் சேத்து எழுதினேன். இந்த வேலையை நிறுத்தினா இயந்திரமும் வராது.”

வள்ளிமயில் மேடையைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக மதியம் தோறும் அதில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். அவன் விழிப்பு இருக்க வேண்டிய இடத்தில், அது இல்லாத வெறுமையின் மேல், கால் நீட்டி உட்கார்ந்து, குளுமையாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள்.

வேறு வழியே இல்லையா என்று பல குரல்கள் கேட்டன. ஞானதுரை தயங்கினார். பூரணி முன்னால் வந்து, “இருக்கு. அதான் வாயை மூடிட்டு நிக்கிய” என்றாள். அதன்பிறகுதான் சொன்னார். உறக்கத்தில் ஒருவருக்கு உயிருக்கு ஆபத்து வந்தால் எழுப்புவதற்கு என்று மாற்றுக் குழாய் ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒரு முனை உறங்குகிறவருக்கு, மறுமுனை விழித்திருக்கிறவருக்கு. இவர் உடம்பின் சூடு மெல்ல மெல்ல அவருக்குப் போகும். அவர் விழிப்பார். இவர் உறங்கிவிடுவார். ஓர் ஆளை எழுப்ப ஓர் ஆள் படுக்க வேண்டும்.

கூட்டத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை. முறுக்குக் கொண்டுவந்தவள் பொட்டலத்தைத் தன் கணவனின் கண்ணாடி மேல் வைத்தாள், கொஞ்சம் நின்றாள், பொட்டலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். மாசானம் தன் மனைவியின் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். யாரும் கேட்காமலே எல்லோரும் ஒரு காரணம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

விடிந்தபோது அம்மன் பழையபடி மறுகாலின் மேல் நின்றாள். ஊர்க்காரர்களே தூக்கி வைத்திருந்தார்கள். மேளம் இல்லை, குலவை இல்லை. பாதத்தைத் துணியால் ஒற்றித் துடைத்துவிட்டிருந்தார்கள். கான்கிரீட் லாரிகள் திங்கள்கிழமை வரட்டும், இயந்திரமாவது வரட்டும் என்று சம்மதம் சொல்லியனுப்பிவிட்டார்கள். அவர்கள்மேல் கோபப்பட வள்ளிமயிலால் முடியவில்லை. சுவர் இயந்திரத்தைத் தின்றதுபோல அடுத்த சுவர் அடுத்த இயந்திரத்தையும் தின்னும் என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது. அதைச் சொல்லலாம் என்று போனாள். மாசானம் வாசலில் உட்கார்ந்து பேத்திக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தார். இப்போது நன்றாகவே பின்னுகிறார். ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டாள்.

பூரணி பட்டறைக்குப் போகவில்லை. அம்மா வந்ததும், ஏற்கெனவே பலமுறை சொல்லிப் பார்த்ததுபோல, நிறுத்தாமல் சொன்னாள்.

“எம்மா, நான் படுக்கேன். அப்பா வரட்டும். உனக்காச்சும் அவியகூடக் கொஞ்ச நாள் இருந்த நெனப்பு இருக்கு. எனக்குக் கண்ணாடிதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான் கெடந்தா என்ன, அவிய கெடந்தா என்ன? இயந்திரம் வந்ததும் எழுப்பிக்கிடுங்க.”

வள்ளிமயில் மறுத்துப் பேசவில்லை. மறுத்தால் மகள் அவளுக்குத் தெரியாமல் போய்ப் படுத்துவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும். அப்பாவைப் போலவே முதல் ஆளாக எழுந்து நிற்கிற பிள்ளை. ஒருநாள் அவன் கண் விழித்து, “புள்ளை எங்கட்டி?” என்று கேட்பான். அந்தக் கேள்வியை இப்போதே காதில் கேட்டதுபோல இருந்தது.

“சரி” என்றாள். “ரெண்டு பேருமாப் போவோம். நான் முன்னால போயி சார்கிட்டச் சொல்லிட்டு இருக்கேன். அப்பா முழிச்சா உடுத்த நல்லதா ஒண்ணு வேணும்லா. பீரோவுல அடியில, ஊதாக் கட்டம் போட்ட சட்டை இருக்கு. மடிப்பு மடிப்பா ஆகிக் கெடக்கும். தேச்சு எடுத்துட்டு வா.”

“தேப்புப் பெட்டி நம்ம வீட்டுல எங்க இருக்கு?”

“இசக்கித்தாய் வீட்டுல வாங்கிக்க. நல்லாத் தேக்கணும், என்ன? கழுத்துப் பட்டையை ரெண்டு பக்கமும் தேக்கணும்.”

பூரணி தலையாட்டினாள். வள்ளிமயில் அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த கரியை முந்தானையால் துடைத்தாள். துடைத்த இடத்தை இன்னொரு தடவை துடைத்தாள். கண்ணாடி துடைத்துப் பழகிய கை.

மகள் வருவதற்குள் தானே படுத்துவிடுகிறேன் என்று வள்ளிமயில் கேட்டதற்கு ஞானதுரை முடியாது என்றார். விதியில் இடமில்லை, ஆபத்துக்கு என்று வைத்ததை ஆசைக்கு எடுக்கக் கூடாது என்றார். வள்ளிமயில் குரலை உயர்த்தாமல் பேசினாள்.

“இன்னும் கொஞ்ச நேரத்துல அவ வருவா, சார். சட்டையைத் தேச்சு எடுத்துக்கிட்டு. வந்து இந்தக் குழாய் எதுன்னு அவளே கண்டுபிடிச்சுருவா. வெல்டிங் படிச்சவ. அவளை உங்களால நிறுத்த முடியாது, என்னாலயும் முடியாது. அவ அப்பாவாலதான் முடியும். அவிய முழிச்சு நடுவுல உக்காந்திருந்தா, அவ எதுக்குப் படுக்கணும்?”

ஞானதுரை சுவரைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீரின் பாரம் இருந்தது. அதைக் கேட்க முடியாது. ஆனால் அந்த நடையில் நிற்கிற யாருக்கும் அது தெரியும். பிறகு சங்கிலிபூதத்தானின் தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு காலித் தொட்டிலை உருட்டிக்கொண்டு வந்து வைத்தார்.

வள்ளிமயில் வளையலையும் மூக்குத்தியையும் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். பூரணியிடம் கொடுக்கச் சொன்னாள். அவனிடம் எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்றும் சொன்னாள். அம்மனைத் தூக்கி வைக்கும்போது தானும் குலவை போட்டதைச் சொல்ல வேண்டாம். நரையைப் பார்த்ததும் மாமியார் என்று நினைத்துக்கொண்டால் சிரிக்க வேண்டாம். முதலில் மகளைக் காட்ட வேண்டும். அவள் மீசையைப் பிடித்து இழுக்க மாட்டாள், அதனால் அவனுக்கு அடையாளம் தெரியாது. இவள்தான் என்று சொல்லிக் காட்ட வேண்டும்.

பிறகு படுத்தாள். முதுகுக்குக் கீழே அணையின் குளிர். தலையைத் திருப்பினால் அவன் முகம். நடுவில் இரண்டு கண்ணாடிகள், ஒன்று இன்னும் மூடவில்லை. ஞானதுரை குழாயின் ஒரு முனையை அவள் கையில் பொருத்தினார்.

“மொதல்ல பாதம் சில்லுனு ஆகும். அப்படியே மேல ஏறும். பயப்படாதீங்க, வலிக்காது. நீங்க முழுசா ஆறின பொறவுதான் அவரு கண்ணு திறப்பாரு.”

“முழுசாவா?”

“ஆமா.”

பாதம் ஏற்கெனவே சில்லென்று ஆகியிருந்தது. படியில் நின்ற கல்லை அலை தொட்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. தூரத்தில், நடையின் வாசலில், யாரோ ஓடிவருகிற காலடிச் சத்தம் கேட்டது. வள்ளிமயில் மற்றக் கையை நீட்டி ஞானதுரையின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சார், ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அவிய கண்ணு திறக்கையில என் கண்ணும் திறந்திருக்கணும். ரெண்டு பேரும் ஒரு பார்வை பாத்துக்கிடுத அளவுக்கு. அந்த எடத்துல மட்டும் குழாயைக் கொஞ்சம் நிறுத்திப் பிடிப்பியளா, சார்?”